இடாப்பில் இல்லாத பிள்ளையைக் கூப்பிட்டவர்

அன்று காலையில் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தின் கேற் பூட்டிக் கிடந்தது. பேத்தி நிதுசாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது தாய்மார் சிலர் வெளியில் நின்றார்கள். மழை அடித்தாலும் குளம் நிரம்பி வான் பாய்ந்தாலும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து கேற்றைத் திறந்துவிட்டு, இடுப்பில் கையை வைத்தபடி நிற்பவர் புவனா டீச்சர். அந்தக் கேற்றில் பூட்டுத் தொங்கியதை நான் அதுவரை கண்டதில்லை.

"டீச்சரம்மா வரலையா?" என்று கேட்டேன்.

அந்தத் தாய்மாரில் ரெஜினா என்றவள் மட்டும் வாய் திறந்தாள். "விடிய சைக்கிளை வெளியில எடுத்து வைச்சவாவாம், ஐயா. நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுதெண்டு படியில இருந்தவாவாம். அவ்வளவுதான்."

நிதுசா கேற்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "டீச்சர் இண்டைக்குப் பிந்திப்போனா," என்றாள். நான் அவள் கையைக் கேற்றிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துக் கேட்கிற இடத்தில் பெருவிரலை நீட்டுகிறவன் நான். டீச்சரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்களும் ஏதாவது சொல்லுங்கோ என்று டீச்சரின் தங்கச்சி கமலா வந்து கேட்டா. நான் சொல்லச் சொல்ல அவா எழுதுறா. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வன்னியில் கிழவனானவன் நான். இரண்டு ஊர்ப் பேச்சும் என் வாயில் கலந்துதான் வரும். கமலா அதை நிமிர்த்தி எழுதட்டும். ஆனால் டீச்சரும் நாங்களும் பேசிக்கொண்டதை மட்டும் நிமிர்த்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். டீச்சரைத் தெரிந்த உங்களுக்கு அந்தக் குரல் காதில் விழ வேண்டும்.

நிதுசாவைச் சேர்க்கப் போன நாளில்தான் டீச்சரோடு முதலில் கதைத்தேன். என் மகள் செல்விக்கு உடுப்புத் தைக்கிற கார்மன்ட்டில் வேலை. விடிவதற்கு முன்னமே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். மருமகன் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனான். வீட்டில் மிச்சம் நானும் பிள்ளையும். வீட்டுக்குப் பின்னால் வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால். ஒரு நாள் நான் அடுப்பைப் பார்த்துத் திரும்புவதற்குள் நிதுசா வாய்க்கால் கரையில் குந்திக்கொண்டு இலையை மிதக்க விட்டுக்கொண்டிருந்தாள். முள்ளிவாய்க்காலில் காயம்பட்ட கால் எனக்கு. ஓட முடியாது. சத்தம் போட்டால் பயந்து விழுந்துவிடுவாள். தவழ்ந்து போய் அவளைப் பிடித்தேன். அன்று பின்னேரம் செல்வி அழுதாள். அடுத்த நாள் நிலையத்துக்குப் போனேன்.

டீச்சர் என்னைக் கதிரையில் இருத்தினா. "நான் வாசிக்கிறன், நீங்கள் கேளுங்கோ ஐயா. பிறகு நீங்கள் எனக்குத் திருப்பிச் சொல்லவேணும். சொல்லிப்போட்டுத்தான் விரல் வைக்கிறது."

அது அரசாங்கக் காசும் உதவிக் காசும் போட்டு நடக்கிற இடம். எங்களைப் போன்றவர்கள் கட்டுவது கொஞ்சம்தான். அதனால் கந்தோரில், அரசாங்க அலுவலகத்தில், போடுகிற சட்டம் அதிகம். பிள்ளை ஒவ்வொரு நாளும் வரவேண்டும். பிந்தினால் அரை நாள். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் இடம் போய்விடும். காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்கு அதைக் கொடுப்பார்கள். காய்ச்சல், வருத்தம் என்றால் டாக்டர் எழுதிய துண்டு வேண்டும். தாய் வேலைக்குப் போகிறவளாக இருக்க வேண்டும். வேலை நின்றால் பிள்ளையின் இடமும் நிற்கும்.

நான் ஒன்றும் விடாமல் திருப்பிச் சொன்னேன். பிறகு சொன்னேன்: "இது எனக்குத் தெரிஞ்ச சட்டந்தாங்க. தோட்டத்துல பேர் போடுறதும் இப்படித்தான். கொழுந்து குறைஞ்சா அரைப்பேர், அரை நாள் சம்பளம். பிந்தி வந்தா, பேர் இல்ல போன்னு கங்காணி திருப்பி அனுப்பிருவாரு."

"அப்ப நான் கங்காணியோ?"

"ஐயையோ, அப்படிச் சொல்லலைங்க டீச்சரம்மா."

"சொல்லுங்கோ, பிழையில்லை. சட்டம் போட்டவை எங்கயோ குளிர் அறைக்குள்ள இருக்கினம். வெய்யிலுக்க நிண்டு அதைச் சொல்லுற வாய் என்ர." அதைச் சொல்லிவிட்டு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினா.

அன்றிலிருந்து 'பேர்' என்ற சொல் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகிவிட்டது. பின்னேரம் கூட்டிப்போக வந்தால், "நிதுசாவுக்கு முழுப்பேர், ஐயா. சோறும் முழுசாச் சாப்பிட்டவ," என்பா. 

அவா இரக்கக்காரி என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது டீச்சர் இல்லை. மாரி மழையில் ஒரு நாள் வழியெல்லாம் சேறு. நானும் பிள்ளையும் நனைந்து, பிந்திப் போனோம். டீச்சர் தன் சேலைத் தலைப்பால் பிள்ளையின் தலையைத் துவட்டினா. துவட்டிக்கொண்டே, "இண்டைக்கு அரைப்பேர்தான்," என்றா.

"தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு முழுப்பேர் போடக்கூடாதா?"

"தெரிஞ்ச மனிசருக்கு முழுப்பேர் போட்டால், தெரியாத மனிசருக்கு நான் என்னத்தைப் போடுறது? மூக்கைத் துடைச்சுவிடுங்கோ, பிள்ளைக்கு வழியுது."

எனக்குக் கோபம்தான். ஆனால் அடுத்து வந்த தாயும் பிந்தித்தான் வந்தாள். அவளுக்கும் அதே அரை. அவள் டீச்சரின் சொந்தக்காரி.

இனிச் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு காலையில் நிதுசாவின் காதுக்குப் பின்னால் கொப்புளம் கண்டது. பிறகு நெஞ்சில், முதுகில். எங்கள் ஆட்கள் இதை வருத்தம் என்று வாயால் சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்போம். வாசலில் வேப்பிலை கட்டினேன். வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை. அம்மாள் இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரைக்கும் பிள்ளை வாசல் தாண்டக்கூடாது. அந்த வீட்டு ஆள் வெளியில் போய் நாலு பேரிடம் இதைச் சொல்லிக்கொண்டு திரியவும் கூடாது. செல்வி மட்டும் வேலைக்குப் போனாள். ஒரு நாள் போகாவிட்டாலும் அவளுக்குச் சம்பளத்தில் வெட்டு. போகும்போது வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

நான் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அம்மாளுக்கு மரியாதை என்று வளர்ந்தவன்.

மூன்றாம் நாள் பின்னேரம் சைக்கிள் மணி கேட்டது. டீச்சர் வேலிக்கு வெளியில் நின்று வாசலைப் பார்த்தா. முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு வேப்பிலையைக் கும்பிட்டா. பிறகுதான் என்னைக் கூப்பிட்டா.

"ஐயா, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"உள்ளுக்கு வராதீங்க, டீச்சரம்மா."

"வரேல்லை. இஞ்ச நிண்டே கதைக்கிறன். நாளைக்கு விடியப் பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கோ. ஒரு துண்டு வாங்கினால் காணும். இடம் தப்பும்."

"அம்மாளைத் தூக்கிட்டுப் போயி டாக்டருக்குக் காட்டச் சொல்றீங்களா? என் பொண்டாட்டி இருந்திருந்தா விறகுக் கட்டையை எடுத்திருப்பா."

"அவா இருந்திருந்தால் நான் அவாவோட கதைச்சிருப்பன். உங்களோட கதைக்கிறது கல்லோட கதைக்கிற மாதிரி."

"அம்மாள் கோவிச்சுக்கிட்டா கண்ணுல இறங்கும்னு சொல்லுவாங்க. பேத்தி கண்ணை வச்சு நான் விளையாட மாட்டேன்."

டீச்சர் சைக்கிளைத் திருப்பினா. "ஐயா, அம்மாள் எனக்கும் அம்மாள்தான். ஆனால் கந்தோர்ப் படிவத்தில வேப்பிலைக்கு ஒரு கட்டம் இல்லை. நான் அதை எங்க எழுதுறது?"

அவா போனா. அடுத்த நாள் குடும்பநல மாதுவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தா. மாது வேலிக்கு வெளியில் நின்று பிள்ளையைப் பார்த்தா. கொப்புளிப்பான்தான் என்று எழுதியும் கொடுத்தா. டீச்சர் அதை வாங்கிக்கொண்டு கந்தோருக்குப் போனா. அங்கே செல்லாது என்றுவிட்டார்கள். டாக்டர் எழுதினால்தான் துண்டு.

இடையில் இன்னொன்று நடந்தது. இடம் போய்விடும் என்ற பயத்தில் இரண்டு மூன்று தாய்மார் கொப்புளம் காயாத பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தில் பவுடர் அப்பிக் கொண்டுவந்து விட்டார்களாம். டீச்சர் கேற்றில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் சட்டைக் கையையும் சுருட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பினா. திருப்பி அனுப்பிய பிள்ளைக்கு அன்று பேர் இல்லை. துரத்துவதும் அவா, பேர் இல்லை என்று குறிப்பதும் அவா. அந்தத் தாய்மார் துண்டு வாங்க ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். நான் மட்டும் ஓடவில்லை.

நிதுசாவின் இடம் போனதை டீச்சரே வந்து சொன்னா. "நான்தான் வெட்டினனான், ஐயா. வேற ஆள் வந்து சொல்லட்டும் எண்டு விடேல்லை. ஏச வேணுமெண்டால் என்னை ஏசுங்கோ."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"ரெஜினாவின்ர டிலானிக்கு. அதுவும் உங்கட நிதுசா மாதிரித்தான். அரிசி ஆலைக்குப் போற தாய், பார்க்க ஆளில்லை. ஒரு கதிரை, ரெண்டு பிள்ளை. ஆரை எழுப்பினாலும் நான்தானே எழுப்ப வேணும்."

ஏசலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் சைக்கிளில் வந்த அவாவின் காலைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் பதிந்து கிடந்தது. ஏச வந்த வாயால், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றேன். அம்மாள் வீட்டில் யாருக்கும் எதுவும் கொடுக்கக்கூடாது. டீச்சருக்கும் அது தெரியும். "தண்ணி வார்த்த பிறகு குடிக்கிறன்," என்றா.

தண்ணீர் வார்த்தாயிற்று. செல்வி வேலையை விடப்போகிறேன் என்றாள். விட்டால் அடுப்பு எரியாது, விடாவிட்டால் வாய்க்கால். இன்னும் ஒரு நாள் போய்ப் பார் என்று அவளை அனுப்பிவிட்டு, நான் வழக்கம்போல நிதுசாவுக்குத் தலை வாரி நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.

"ஐயா, உள்ளுக்கு விட ஏலாது," என்றா டீச்சர், மெதுவாக.

"உள்ளுக்கு விடச் சொல்லலைங்க. நாங்க வெளியில அந்த மரத்தடியில குந்தியிருக்கோம். ரோடு எல்லாருக்கும் பொதுதானே? வீட்டுல தண்ணிக்குப் பயம். இங்க உங்க கண்ணு இருக்கு."

டீச்சர் என்னைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா, மரத்தைப் பார்த்தா. உள்ளே போனா. கொஞ்சத்தில் பாயைச் சுருட்டி இழுத்துக்கொண்டு வந்து, கம்பி வேலிக்குப் பக்கத்தில் விரித்தா. "பிள்ளையள், இனிப் பாட்டும் கதையும் இந்தப் பக்கம்தான். இஞ்ச காத்து நல்லாய் வருது." காற்று அந்தப் பக்கம் வரவே வராது. வெய்யில்தான் வரும். எல்லோருக்கும் அது தெரியும்.

அப்படித்தான் நாள் போனது. உள்ளே பாடினால் நிதுசா வெளியில் பாடுவாள். உள்ளே கை தட்டினால் இவள் வெளியில் தட்டுவாள். சாப்பாடு பேர் உள்ள பிள்ளைக்கு மட்டும் அளந்து வருவது. அதில் டீச்சர் கை வைக்கமாட்டா. தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, புட்டைப் பிடித்து உருண்டையாக்கிக் கம்பி இடைவெளியால் நீட்டுவா. எனக்கும் ஒரு உருண்டை வரும். "நீங்கள் சின்னப்பிள்ளை இல்லை, ஆனாலும் அடம் அப்படித்தான்," என்பா.

டீச்சர் காலையில் வரவுப் பேர்கள் எழுதிய இடாப்பை எடுத்தால், நான் நிலத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவா. 'டிலானி' என்றதும் ரெஜினாவின் பிள்ளை "ஓம் டீச்சர்" என்னும். அது நிதுசா இருந்த இடம். நிதுசா வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பாள். அவள் பேர் வராது. இடாப்பு முடியும். முதல் நாள் டீச்சர் அதை மூடினா. பிறகு வேலிப் பக்கம் திரும்பி, "வெளியில?" என்று கேட்டா.

"வந்திட்டன்!" என்று கத்தினாள் நிதுசா. மரத்திலிருந்த காகம் பறந்து போனது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். ஒரு நாள் கந்தோர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். இளந்தாரி, மோட்டார் சைக்கிளில் வந்த தூசி முகம் முழுக்க. டீச்சர் வழக்கம்போல இடாப்பு முடித்து, "வெளியில?" என்றா. "வந்திட்டன்!"

"அது ஆர், மிஸ்?"

"வேலிக்கு வெளியில இருக்கிற பிள்ளை, சேர்."

"இடாப்பில இருக்கோ?"

"இல்லை."

"அப்ப ஏன் கூப்பிடுறியள்?"

"வந்திருக்கிறாளே," என்றா டீச்சர்.

அந்தத் தம்பி வேலிப் பக்கம் வந்து என்னைப் பார்த்தார். நான் எழும்பி நின்றேன். "மிஸ், இது மேல தெரிஞ்சால் என்னைத்தான் கேப்பினம்," என்றார். "தெரியும் தம்பி. கேட்டால் என்ர பேரைச் சொல்லுங்கோ," என்றா டீச்சர். அவர் ஒன்றும் எழுதாமல் போனார். ஆனால் இடமும் தரவில்லை. அவர் கையில் இடம் இல்லை.

ரெஜினா என்னைக் கடந்துதான் பிள்ளையை உள்ளே விடவேண்டும். குனிந்துகொண்டே போவாள். ஒரு நாள் நின்று கேட்டாள்: "ஐயா, என்னில கோவமே?"

"உன் புள்ள உள்ள இருக்கட்டும், மகளே. உன்னைக் கோவிச்சா எனக்கு இடம் கிடைக்குமா?"

பிறகு கடல் சீசன் வந்தது. ரெஜினாவின் புருசன் நாயாற்றுக் கரையில் சீசனுக்கு மீன் வாடிக் குடில் போடுகிறவன். மீன் காயப்போட அவளும் போகவேண்டும், பிள்ளையையும் கொண்டுபோகவேண்டும். போனால் மூன்று நாளில் இடம் போய்விடும். டீச்சரிடம் வந்து அழுதாள். டீச்சர் அவளுக்கும் அதே சட்டத்தைத்தான் சொன்னா. போகிற அன்று ரெஜினா மரத்தடிக்கு வந்தாள். "உங்கட இடத்தைத்தானே வைச்சிருந்தனான், ஐயா. எடுங்கோ," என்றாள். காத்திருப்பில் அடுத்த பேர் நிதுசாவுடையது; அவள் உள்ளே போனாள். சந்தோசப்பட வேண்டிய நாள். நான் வீட்டுக்குப் போகாமல் மரத்தடியிலேயே குந்தியிருந்தேன்; பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

சீசன் முடிந்து ரெஜினா திரும்பி வந்தபோது இடம் இல்லை. டிலானி வெளியில். என் பேத்தி உள்ளே. நான் மரத்தடியை விட்டு எழும்பவில்லை. ரெஜினா ஆலைக்குப் போக, டிலானியை வைத்துக்கொண்டு நானே குந்தியிருந்தேன். டீச்சர் பாயை எடுக்கவில்லை. இடாப்பு முடிந்ததும் வேலிப் பக்கம் திரும்புவதையும் விடவில்லை.

அந்த நாட்களில் அவாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. கேற்றைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டு நிற்பா. கிளிநொச்சிக்குக் கிளினிக் போகவேண்டும் என்று கமலா சொல்லிக்கொண்டே இருந்தாவாம். அது வேலை நாளில்தான் வரும். துணை டீச்சர் ஒருத்தி மட்டும் நின்றால் நிலையத்தைத் திறக்க விடமாட்டார்கள். திறக்காவிட்டால் அத்தனை பிள்ளைகளுக்கும் அன்று பேர் இல்லை. அரை வயிறு சாப்பிடுகிற பிள்ளைக்குச் சோறும் இல்லை. ஆள் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறா. வரும் என்றார்களாம்.

நான் ஒரு நாள் சொல்லியேவிட்டேன். "டீச்சரம்மா, ஆசுபத்திரிக்குப் போய்க் காட்டுங்க."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தா. "ஆர் சொல்லுறது பாருங்கோவன்! பிள்ளையைக் கொண்டுபோகமாட்டன் எண்டு நிண்ட மனிசன், எனக்கு ஆசுபத்திரி சொல்லுறார்."

"அது அம்மாளுங்க. இது வருத்தம்."

"மற்றக் கிழமை போறன், ஐயா."

எந்த வாரம் என்று நான் கேட்கவில்லை. அவாவுக்கும் தெரிந்திருக்காது.

செத்த வீட்டுக்கு அந்த இளந்தாரி அதிகாரியும் வந்திருந்தார். ஒரு மூலையில் நின்றார். நிலையம் சில நாள் பூட்டிக் கிடந்தது. பிறகு புது டீச்சர் வந்தா. கேட்டபோது வராத ஆள், டீச்சர் போன பிறகு வந்தா. நல்ல பிள்ளை, சின்ன வயசு. அவாவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் நாள் இடாப்புக் கூப்பிட்டா. நிதுசா "ஓம் டீச்சர்" என்றாள். கடைசிப் பேரும் முடிந்தது. புது டீச்சர் இடாப்பை மூடி மேசையில் வைத்தா. என் பக்கத்தில் டிலானி கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. பிள்ளையின் தலையில் கை வைப்பதா, பராக்குக் காட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது உள்ளே இருந்து நிதுசாவின் குரல். "வெளியில?"

"வந்திட்டன்!" என்றது டிலானி.

புது டீச்சர் திடுக்கிட்டு நிமிர்ந்து வேலியைப் பார்த்தா. அவாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நாளும் இடாப்பை மூடினா. அடுத்த நாளும் நிதுசா கேட்டாள்.

என் பேர் எத்தனையோ இடாப்புகளில் ஏறியிருக்கிறது. தோட்டத்தில், அகதி முகாமில், நிவாரணக் கடையில். ஏறியது போலவே வெட்டுப்பட்டும் இருக்கிறது. வெட்டின பிறகு அந்த ஆள் எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்தவர்கள் இல்லை. புவனா டீச்சர் வெட்டினா. அதில் எங்களுக்காக ஒரு கோடும் அவா மாற்றவில்லை. வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கேட்டா. எனக்கென்று அவா விட்டுப்போனது அந்தக் கேள்விதான்.

கமலா, இதற்கும் பெருவிரல் வைக்க வேண்டுமென்றால் மையைக் கொண்டு வாருங்கோ. நாளைக்கு விடிய என்னைத் தேடவேண்டாம். மரத்தடியில் இருப்பேன். உள்ளே இருந்து பிள்ளை கேட்கும்போது, வெளியில் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.